சிலிர்க்காத கிடாவும் வெள்ளை நாயும்

அந்த நாய் எங்களிடம் வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை மாலை நாலே காலுக்கு. என் நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. மலேசியாவின் ஜொகூரில், காஹாங்குக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. எந்த மணிக்கு எடுத்த எண்ணெயில் எவ்வளவு ஈரம் என்று இருபத்தாறு வருடமாக எழுதி வருகிறேன். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. மழை தொடங்கிய நேரம், ஆடு குட்டி போட்ட நேரம், அண்ணனைக் கால் அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன நேரம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். இதனால் யாருக்கும் எந்தப் பயனும் இருந்ததில்லை. ஒரே ஒரு முறை ஒருவர் என்னிடம் சரியான நேரம் கேட்டார்.

ஜொகூர் பாருவில் எங்கள் உறவுக்காரத் தம்பதி வரிசை வீட்டில் இருக்கிறார்கள். இருவருக்கும் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் பாலத்தைத் தாண்டினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். பஞ்சு பொம்மை போல இருக்கிறதென்று ஒரு வெள்ளைக் குட்டியை வாங்கினார்கள். ஒன்றரை வயதில் அது ஐம்பது கிலோவுக்கு வளர்ந்து, தெருவில் போகிற ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் விரட்டிக் குரைத்தது. அக்கம்பக்கத்தில் புகார். அந்த வீட்டுப் பெண் எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, உங்ககிட்டதான் ஆடு இருக்கே. இது ஆட்டு நாய்தானாம் மாமா. நெட்டுல போட்டிருக்கான். நீங்க எடுத்துக்கலன்னா நாங்க என்னா பண்றதுன்னே தெரியல."

ஆடுகள் அண்ணனுடையவை. அண்ணனுடையவை என்றாலும் பார்த்துக்கொள்வது அண்ணி. நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் அவர்களோடு இருப்பவன். முப்பத்திரண்டு ஆடுகள், கால் ஊன்றி உயர்த்திக் கட்டிய பலகைக் கொட்டகை, சுற்றிலும் செம்பனை. அந்த வருடம் தோட்டத்து நாய்கள் கூட்டம் சேர்ந்து மூன்று மாதத்தில் நான்கு குட்டிகளைக் கடித்துப் போட்டிருந்தன. அதனால் நான் சரி என்றேன்.

வண்டியிலிருந்து நாய் இறங்கியதும் ஊன்றுகோலோடு நின்ற அண்ணன் சொன்னார்: "அலமாக்! இது என்னாடா, கன்னுக்குட்டியா? ஆட்டக் காப்பாத்த நாய் கொண்டாந்த, சரி. இந்த நாயக் காப்பாத்த யாரக் கொண்டாரப் போற? முதல்ல ஏர்கோன் போடு."

அன்றிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கிரேட் பிரனீஸ் என்பது இனத்தின் பெயர். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் இருக்கும் பிரனீஸ் மலைகளில் ஆடு மேய்க்கிறவர்கள் பல நூற்றாண்டுகளாக வளர்த்த நாய். ஆட்டை ஓட்டுவதோ மடக்குவதோ இதன் வேலையில்லை. மந்தைக்குள்ளேயே படுத்து, மந்தையில் ஒன்றாக வாழ்ந்து, ஓநாயும் கரடியும் வந்தால் எழுந்து நிற்பதுதான் வேலை. பின்னங்கால் ஒவ்வொன்றிலும் தரையைத் தொடாத இரட்டைக் கூடுதல் விரல் இருக்கும். எங்கள் நாயின் கால்களைப் பிடித்துப் பார்த்தேன். இருந்தது. அந்தச் சந்தோஷத்தையும் மணி போட்டு எழுதினேன். ஒரு காலத்தில் பிரெஞ்சு அரசர்களின் அரண்மனையிலும் இந்த நாய் இருந்ததாகப் படித்து அண்ணியிடம் சொன்னேன்.

"அரமனையில இருந்ததா? அப்ப இங்க புண்ணாக்கு மூட்டை மேல ஏன் படுத்திருக்கு?" என்றார் அண்ணி.

சொன்னதைக் கேட்காது என்றும் படித்தேன். மலையில் மேய்ப்பன் பக்கத்தில் இருக்கமாட்டான், ஆகவே தானே யோசித்துத் தானே முடிவெடுக்கும்படி வளர்த்திருக்கிறார்கள். கூப்பிட்டால் வராது. ஜொகூர் பாருவில் வைத்த ஆங்கிலப் பெயருக்கு அது காதைக்கூட அசைக்கவில்லை. அண்ணி "டேய்" என்றுதான் கூப்பிட்டார். அதற்கும் வரவில்லை. ஆனால் எழுந்து திரும்பிப் பார்க்கும்.

குட்டியிலேயே ஆடுகளோடு விட்டால்தான் பழகும், வீட்டில் வளர்ந்தது பெரும்பாலும் சரிப்படாது என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்தது. முதல் பத்து நாள் வேலிக்கு வெளியே படுத்து ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினோராவது நாள் காலையில் ஓர் ஆடு குட்டி போட்டது. நாய் வேலிக்குக் கீழே மண்ணைப் பறித்து உள்ளே போய், ஈரக் குட்டியின் முன்னால் தாடையைத் தரையில் வைத்துப் படுத்தது. தாய் ஆடு முட்டியது. அசையவில்லை. இன்னொரு முறை முட்டியது. கண்ணை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அது வெளியே வரவேயில்லை.

வெயில்தான் பயமாக இருந்தது. இரண்டு அடுக்கு முடி, பனிக்காக உண்டானது. அண்ணி கத்தரியோடு வந்து நின்றார், சுத்தமாக மழித்துவிடலாம் என்று. நான் விடவில்லை. அந்த முடி குளிரைப் போலவே வெயிலையும் கொஞ்சம் தடுக்கும், மழித்தால் தோல் வெந்துவிடும் என்று விளக்கினேன். பகலில் கொட்டகைக்கு அடியில் ஈர மண்ணில் குழி பறித்துப் படுத்துக்கொள்ளும். குழாயில் தண்ணீர் பீச்சினால் நாக்கைத் தொங்கவிட்டு நிற்கும். நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே தள்ளும், மூச்சு போதாவிட்டால் வேறு வழியில்லை. இதையும் அப்போதே படித்து, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தேன்.

அந்த ஒரு வருடத்தில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை. தோட்டத்து நாய்கள் வந்தன. எங்கள் நாய் கடிக்கப் பாயவில்லை. மந்தைக்கும் அவற்றுக்கும் நடுவில் போய் அகலமாக நின்று குரைத்தது. அவ்வளவுதான். அவை திரும்பிப் போயின.

அண்ணனுக்குக் கால் நன்றாக ஆக வேண்டும் என்று, அறுவைச் சிகிச்சை நடந்த வாரமே அண்ணி தோட்டத்து முனியாண்டிக்கு ஒரு கிடாவை நேர்ந்துவிட்டிருந்தார். கறுப்புக் கிடா, நெற்றியில் வெள்ளை. சாமிக்கு உரியது என்பதால் அதை மட்டும் தினம் காலையில் குழாய்த் தண்ணீரில் குளிப்பாட்டுவார். ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் என்னை எழுப்பிக் குளிப்பாட்டச் சொன்னார். மற்ற ஆடுகள் தண்ணீரைக் கண்டால் ஓடும். இது தானாக வந்து குழாயடியில் நிற்கும். நாய் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்.

ஆடி மாதப் பூசைக்கு நாள் குறித்தார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணனால் அதிக நேரம் நிற்க முடியாது. அவருக்குப் பதிலாக நான் காப்புக் கட்டிக்கொண்டேன். மஞ்சள் கயிறு கையில் ஏறினால் விரதம். கிடாவின் கயிற்றை வாங்கிக் கோயில் எல்லைக்குள் போய்விட்டால், காரியம் முடியும்வரை காப்புக் கட்டியவன் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. எங்கள் தோட்டத்தில் அது கண்டிப்பு.

சனிக்கிழமை மாலை கிடாவைத் தனியே கட்டப் போனோம். நாய் எழுந்து வந்து கிடாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றது. உறுமவில்லை. நான் இடது பக்கம் போனேன், அதுவும் வந்தது. வலது பக்கம் போனேன், வந்தது. அண்ணனின் சிநேகிதர் ஒருவர் கயிற்றோடு வேலியேறிக் குதித்தார். நாய் மார்பால் ஒரு தள்ளு தள்ளியது. அவர் புழுக்கையில் விழுந்தார்.

"ஆட்டுக்குக் காவல் வைக்கச் சொன்னா, சாமிக்கே காவல் வச்சிருக்கியே லா!" என்று அவர் எழுந்துகொண்டே சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு நான்தான் யோசனை சொன்னேன். காலையில் நாயைச் சாமான் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிடலாம். மேலே தகரம், சுற்றிலும் தகரம், எட்டாத உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். அண்ணி தயங்கினார்.

"வெயிலு தம்பி."

"அரை மணி நேரம் அண்ணி. பத்து நிமிசம் நடை, தண்ணி தெளிப்பாங்க, சிலிர்க்கும், முடிஞ்சிரும். நானே வந்து தொறந்து விட்டுர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை பதினொன்று இருபதுக்கு மீன் தலை போட்ட சோற்றைக் காட்டி நாயை உள்ளே அழைத்துப் பூட்டினேன். ஒரு வாளி தண்ணீர் வைத்தேன். அப்போது மேகமூட்டமாக இருந்தது. சாவி என் இடுப்பில். கிடாவுக்கு மஞ்சள் பூசி மாலை போட்டுக் கிளம்பினோம். மந்தையை விட்டுத் தனியே வந்ததும் கிடா கத்தியது. கொட்டகையில் இருந்த ஆடுகள் எல்லாம் பதில் கத்தின. பின்னால் தகரக் கதவில் ஏதோ மோதும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கோயில் பள்ளத்தில் இருக்கிறது, செம்பனைகளுக்கு நடுவே. நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பூசாரி தீபம் காட்டி, மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் முதுகில் தெளித்தார். கிடா உடம்பைச் சிலிர்த்துத் தலையை உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். உதறாமல் வெட்டக் கூடாது.

கிடா நின்றது. மேகம் விலகி வெயில் வந்தது.

இரண்டாம் முறை தெளித்தார். மூன்றாம் முறை ஒரு செம்பு முழுக்க ஊற்றினார். கிடா குழாயடியில் நிற்பதுபோல் கண்ணைப் பாதி மூடிச் சுகமாக நின்றது. மணி பன்னிரண்டு ஐந்து.

"கிடா தூங்கிருச்சா பாருங்கடா" என்றார் ஒருவர்.

"ஐஸ் தண்ணி ஊத்துங்க லா" என்றார் இன்னொருவர்.

பன்னிரண்டரைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பூசாரி தட்டைக் கீழே வைத்தார். "யாரோ மனசுல ஏதோ வச்சிக்கிட்டு நிக்கிறீங்க. இருந்தா இப்பவே சொல்லிருங்க. சாமி ஏத்துக்க மாட்டேங்குது."

அண்ணி மண்ணில் விழுந்து அழுதார். தான் என்ன தப்பு செய்தேன் என்று அவர் முனியாண்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருடம் தினம் குளித்த கிடாவுக்குத் தண்ணீர் பட்டால் ஏன் சிலிர்க்கும் என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சொல்ல முடியவில்லை. அவ்வளவு பக்தியும்தான் தடை என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? என் மனதில் இருந்த மற்றதையும் சொல்லவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்து, யாராவது போய் நாயைத் திறந்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணியையும் என்னையும் தவிர யாரையும் அது கிட்டே விடாது என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். உண்மையான காரணம் அதுவல்ல. அண்ணன் கால், அண்ணி கண்ணீர், சாமி, நாற்பது பேர். அதற்கு நடுவில் நாய் என்று வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது. குற்றம் யாருடையது என்று தேடிக்கொண்டிருந்தவர்கள் என்னைத்தான் பிடித்திருப்பார்கள்.

கயிற்றைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது. பன்னிரண்டு ஐம்பது. தகரத்துக்குள் இப்போது என்ன சூடு இருக்கும் என்று ஆய்வுக்கூடத்தில் கணக்குப் போடுவதுபோல் மனம் போட்டுக்கொண்டே இருந்தது. வாளி கவிழ்ந்திருக்கும், கதவை மோதும்போது கவிழ்ந்திருக்கும். ஒன்று. ஒன்று பத்து. போன் எடுத்துப் பார்த்தேன், அந்தப் பள்ளத்தில் லைன் கிடையாது. எல்லைக் கல்லுக்கு அப்பால் மேட்டில்தான் கிடைக்கும்.

ஒன்று பதினைந்துக்குக் கயிற்றைப் பூசாரி காலடியில் போட்டேன். மஞ்சள் காப்பை ஒரு இழுப்பில் அறுத்தேன்.

"தம்பி!" என்று அண்ணி கத்தினார். "அவரு கால நெனச்சுப் பாருங்க தம்பி!"

மேட்டில் ஏறி எங்கள் அடுத்த வீட்டு மலாய்க்காரருக்குப் போன் செய்தேன். அவர் பக்தியுள்ள முஸ்லிம், முறைப்படி நாயைத் தொடக் கூடாதவர். அவரை நாங்கள் பாக் சிக், அதாவது மாமா, என்று கூப்பிடுவோம். நாய் வந்த நாளிலிருந்து அதை ஒரு முறைகூடத் தொட்டதில்லை, ஆனால் அதற்காக ஒரு முறைகூடக் குறை சொன்னதுமில்லை. மலாயில் இரண்டே வாக்கியம் சொன்னேன். அவர் "பொறு, தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. அவர் கடப்பாரையால் பின்பக்கத் தகரத்தைப் பிய்த்துத் தள்ளி, உள்ளே போய், நாயின் முன்னங்கால்களைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் எச்சில். கதவின் உள்பக்கம் தகரம் வளைந்து ரத்தக் கோடுகள். வாளி கவிழ்ந்து கிடந்தது. நாயின் ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை.

"எனக்குக் கழுவிக்கொள்ள முறை இருக்கிறது, அதைப் பிறகு பார்க்கலாம். நீ தண்ணியை ஊத்து" என்றார் பாக் சிக் மலாயில்.

ரப்பர் குழாயை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பீச்சினேன். இருவரும் அதைத் தூக்கி அவர் வேனில் போட்டோம். குளுவாங் டவுனில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவர் ஒருவர் உண்டு. வழியெல்லாம் ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, படித்ததையெல்லாம் செய்தேன். எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது.

மருத்துவர் ஒரு சீனப் பெண். வெப்பமானியைப் பார்த்துவிட்டுத் தன் உதவியாளரிடம் வேகமாக ஏதோ சொன்னார். ஊசி, குளுக்கோஸ், மின்விசிறி. பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். இனம் கேட்டார், வயது கேட்டார். சொன்னேன்.

"உள்ளே எவ்வளவு நேரம் இருந்தது?"

"இரண்டு மணி பத்து நிமிடம்."

"தோராயமாகவா?"

"இல்லை. பதினொன்று இருபதிலிருந்து ஒன்றரை வரை."

அவர் பேனாவை நிறுத்தினார். "நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்களா?"

நான் தலையாட்டினேன். அவர் பாக் சிக் பக்கம் திரும்பிக்கொண்டார். சிறுநீரகம், ஈரல், ரத்தம் உறைவது, எது எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது, ஒரு நாள் தாண்டட்டும் என்று பாக் சிக்கிடம்தான் சொன்னார்.

அன்று மூன்று மணிவரை கோயிலில் காத்திருந்தார்களாம். கிடா சிலிர்க்கவில்லை. பூசாரி பூசணிக்காய் வெட்டி, கிடாவைத் திரும்ப ஓட்டிப் போகச் சொல்லிவிட்டார். நான் வீட்டுக்கு வந்தபோது அது கழுத்தில் வாடிய மாலையோடு மந்தையில் நின்றது. அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் சோறு மட்டும் எடுத்து வைத்தார்.

திங்கட்கிழமை நாய் தலையைத் தூக்கியது. நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். கம்பிக்கு வெளியே என் கையை முகர்ந்தது, என்னைத் தாண்டி வாசலையே பார்த்தது. பிழைத்துவிடும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் ஒரு மணி நேரம் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்பது எப்படி என்று தெரியாமல், அதன் மலைகளைப் பற்றியும் பனியைப் பற்றியும் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாலையில் வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. ரத்தமாகப் போயிற்று. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு இறந்தது.

வீட்டில் சொன்னபோது அண்ணி ஆட்டுக்குப் புல் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தினார்.

"தம்பி, அங்க நிக்கிறப்பவே உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் அண்ணி."

"என் காதுல சொல்லியிருக்கலாம்ல. நான் அழுதுக்கிட்டிருந்தேன், செவிடா இல்லையே."

அண்ணன் முற்றத்தில் ஊன்றுகோலைப் பார்த்தபடி இருந்தார்.

தோட்டத்து நாய்களுக்கு யார் செய்தி சொன்னார்கள் என்று தெரியாது. ஒன்பதாவது நாள் வந்து ஒரு குட்டியைக் கொண்டுபோயின. பதினோராவது நாள் இன்னொன்று, நாய் தாடையைத் தரையில் வைத்துப் படுத்த அதே தாயின் இந்த வருடக் குட்டி. நான் ஆலையில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பகல் முழுக்கக் கொட்டகைக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஆடுகள் என்னைச் சட்டை செய்யவில்லை. ஆளுக்கொரு பக்கமாகச் சிதறின. காற்று எந்தப் பக்கம், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எனக்கு எதுவும் தெரியவில்லை. இனத்தின் குணங்களை எல்லாம் எழுதி வைத்திருந்தேன். அதில் ஒன்றைக்கூட என்னால் செய்ய முடியவில்லை.

நான் காவல் உட்கார்ந்த மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்குத் தோட்டத்து நாய்கள் வந்தன. மொத்தம் ஏழு நாய். செம்பனை ஓலை நிழலில், வேலிக்கு இருபது அடி தள்ளி உட்கார்ந்தன. நான் எழுந்து நடுவில் போய் நின்றேன். கையில் கம்பு. கையை அகலமாக விரித்தேன். அண்ணி பாராங் கத்தியோடு ஓடி வந்து எனக்கு வலது பக்கம் நின்றார். அந்தக் கறுப்புக் கிடா எங்களுக்குப் பின்னால் ஒதுங்கியது.

"கத்துங்க தம்பி" என்றார் அண்ணி. "அது கத்துமே, அந்த மாதிரி கத்துங்க."

கத்தினேன். முதல் முறை குரல் வந்தது. இரண்டாம் முறை தொண்டை கம்மியது. மூன்றாம் முறை என்ன சத்தம் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அண்ணியும் சேர்ந்து கத்தினார். வேலிக்கு அந்தப் பக்கம் பாக் சிக் வாசலுக்கு ஓடி வந்தார்.

நாய்கள் எங்களைப் பார்த்தன. ஒன்று கொட்டாவி விட்டது. எதுவும் எழுந்திருக்கவில்லை.